கச்சானுக்கு எதிரே

இருபத்தோரு கியர் சைக்கிளை லாரியில் ஏற்றிக்கொண்டு
கீழக்கரைக் கிளைக்கு மாற்றலாகி வந்தவள் நான்.
முதல் வாரமே கேட்டார் சீனி நைனா,
நகைக்கடன் சீட்டை நாலாக மடித்தபடி:
"ஏறுறதுக்கு இங்கெ என்னம்மா இருக்கு,
பாம்பன் பாலத்தை விட்டா?"

சிரித்து வைத்தேன்.
எனக்கும் அதே எண்ணம்தான்.
கோயம்புத்தூரில் ஞாயிறு என்றால் ஆனைகட்டி.
தடாகம் தாண்டி, செங்கல் சூளைகள் தாண்டி,
மாங்கரையில் தண்ணீர் குடித்துக் கிளம்பினால்
முதல் வளைவிலேயே மூச்சு தடிக்கும்.
ஆனால் மலை கண்ணெதிரே நிற்கும்.
இன்னும் எவ்வளவு என்று கணக்குப் போடலாம்.
மேலே ஒரு கடை, கடையில் பழம்பொரி.
அதுவரை கால் பொறுத்துக்கொள்ளும்.

இங்கே தோசைக்கல் மாதிரித் தரை.
பனை, உடை, சீமைக்கருவேலம், நடுவே ரோடு,
இடப்பக்கம் எங்கேயோ கடல்.

ஆனி பிறந்திருந்தது.
வாலிநோக்கம் வரை போய்வரலாம் என்று
எட்டு மணிக்குச் சோம்பலாகக் கிளம்பினேன்.
கடைசி வீடு தாண்டியதும்
யாரோ முன்னால் நின்று நெஞ்சில் கைவைத்தது போலிருந்தது.
டயரை அழுத்திப் பார்த்தேன்.
பிரேக் கட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.
பனைகளெல்லாம் கிழக்கே தலைவாரியிருந்தன.
கச்சான்.

ஐந்தாவது கிலோமீட்டரில்
முதல் கியருக்கு வந்துவிட்டேன்.
தட்டை ரோட்டில், முதல் கியர்.
சீனி நைனா பார்த்திருக்க வேண்டும்.

மலை ஓரிடத்தில் முடியும்.
இதற்கு உச்சியே கிடையாது.
மணல் தாரை தாரையாய் ரோட்டைக் கடந்து
கணுக்காலைக் கொத்திவிட்டுப் போனது.
வாய் திறந்தால் உப்பு, மூடினால் மூச்சு முட்டியது.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன்.
காற்று அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தது.

எப்போதிலிருந்து என்று தெரியவில்லை,
பின்னால் ஒரு செயின்கவர் கடகடத்தது.
பழைய ஹெர்குலிஸ், கேரியரில் ஐஸ்பெட்டி, தலையில் மப்ளர்,
என் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு ஆள்.
என்னை மறைப்பாக்கிக்கொண்டு
சொகுசாக மிதித்து வந்திருக்கிறார்,
மூன்று கிலோமீட்டரோ, நாலோ.

மாட்டிக்கொண்ட முகத்தோடு ஒரு தரம் மணியடித்தார்.
பிறகு பக்கவாட்டில் ஏறி
எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.
நின்றுகொண்டார் என்றால், மிதித்தபடிதான்.

சட்டென்று காற்று அறுந்தது.
பெட்டியிலிருந்து ஐஸ்தண்ணீர் சொட்டிச் சொட்டி
என் முன்சக்கரம் நனைந்தது.
சூடையா நகரையா தெரியவில்லை,
அழுகலும் இல்லாத, பச்சையும் இல்லாத நடுவாந்தர வாசம்.
மீன் நாறும் இடம்தான் காற்றில்லாத இடம்.
ஒரு சாண் விலகினால் கச்சான் கன்னத்தில் அறையும்.
மறுபடி நாற்றத்துக்குள் புகுந்துகொள்வேன்.

மாறி மாறிப் போனோம்.
பேசவில்லை, பேசினாலும் காதில் ஏறாது.
ஏர்வாடி முக்கில் அவர் தர்கா பக்கம் திரும்பினார்.
மணி, ஒரே ஒரு தரம்.
பெட்டியில் பச்சைப் பெயிண்டில் 'ஜெபமாலை' என்றிருந்தது.
அவர் பெயரோ, மனைவியுடையதோ, படகினுடையதோ.

வாலிநோக்கம் வரை நான் போகவில்லை,
சொல்லிவிடுகிறேன்.
உப்பளம் வெள்ளையாய்த் தெரிந்த இடத்தில் கால் ஊன்றி
பாட்டிலைக் காலிசெய்து, திருப்பினேன்.

மிதித்தேன், போனது.
பதினெட்டு, இருபது, இருபத்தொன்று,
கியர் தீர்ந்தும் போனது.
காற்றின் வேகமும் என் வேகமும் ஒன்றானபோது
காதின் இரைச்சல் மொத்தமும் நின்றது.
செயின் பல்லில் உட்காரும் சத்தம் கேட்டது.
வேலிக்குள் ஒரு கவுதாரி கேட்டது.
ஆனைகட்டி இறக்கத்தில் காற்று அலறும்.
இப்படி ஓர் இறக்கம் எனக்கு வாய்த்ததே கிடையாது.
எங்கிருந்தோ ஒரு கேரிபேக், ஊதிப் புடைத்து,
கைப்பிடி உயரத்தில் என் பக்கத்திலேயே பறந்து வந்தது,
அசையாமல்,
பால்பண்ணை வளைவு வரை.

திங்கட்கிழமை சீனி நைனாவிடம் சொன்னேன்:
"ஏறிட்டேன் அண்ணே."
"எதுல?"

ஜன்னலைக் காட்டினேன்.
எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை அங்கே.
கொடிக்கம்பத்துக் கயிறு மட்டும்
கம்பத்தை டக்கு டக்கென்று
அடித்துக்கொண்டிருந்தது.